நோட்டரியின் கேடயமும் பதிவேடும்

நோட்டரியின் முத்திரை எப்படி இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு நோட்டரி விதிகள் வரையறுத்திருக்கின்றன. வட்ட வடிவம், 5 சென்டிமீட்டர் விட்டம், உள்ளே நோட்டரியின் பெயர், தொழில் செய்யும் பகுதி, பதிவு எண், நியமித்த அரசின் பெயர். விட்டத்தைக்கூட விடாமல் குறித்த சட்டம், அந்த முத்திரை பொய்த் தாளில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பிரிவு வைத்திருக்கிறது. 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது. ஒரு நோட்டரி தன் பணியைச் செய்யும்போதோ, செய்வதாகக் காட்டிக்கொள்ளும்போதோ இழைத்த குற்றத்தை எந்த நீதிமன்றமும் கோப்புக்கு எடுக்கக் கூடாது. மத்திய அரசோ மாநில அரசோ பொது ஆணை அல்லது தனி ஆணை மூலம் அதிகாரம் அளித்த அதிகாரி எழுத்துமூலம் புகார் தந்தால் மட்டுமே எடுக்கலாம். ஏமாந்தவர் நேரே போய்ப் புகார் தந்தால் போதாது. காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும் போதாது.

கர்நாடக உயர் நீதிமன்றம் 2022இல் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு வழக்கில் மற்றவர்களோடு சேர்த்து நோட்டரி மீதும் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருந்தது. கீழ் நீதிமன்றம் அதைக் கோப்புக்கு எடுத்திருந்தது. அதிகாரம் பெற்ற அதிகாரியின் புகார் இல்லை என்ற காரணத்தால் நோட்டரி மீதான நடவடிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் இதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னே ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. நோட்டரியை நியமித்த அரசு அவரைக் கண்காணிக்கும், தேவைப்பட்டால் தானே புகார்தாரராக வந்து நிற்கும் என்ற நிபந்தனை. அரசு அப்படி வந்து நிற்காவிட்டால் கேடயம் நேர்மையானவரை மட்டும் காக்காது, எல்லோரையும் காக்கும்.

பெங்களூருவில் இது வெறும் சட்டநுணுக்கப் பேச்சாக இருக்க முடியாது. இந்த நகரத்து வாழ்க்கையில் பாதி நோட்டரித் தாளின் மீது நடக்கிறது. வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு எழுதப்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்வதால். மாத வாடகை இல்லாமல் மொத்தமாக லட்சக்கணக்கில் முன்பணம் கொடுத்து வீடு எடுக்கும் 'லீசு' முறையிலும் பெரும்பாலும் இதே கதைதான். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தவர் கையில் இருப்பது ஓர் இ-ஸ்டாம்ப் தாளும் அதன் மேல் விழுந்த வட்ட முத்திரையும். அது போக, கல்விக் கடனுக்கு அபிடவிட், பெயர் மாற்றத்துக்கு அபிடவிட், தொலைந்த மதிப்பெண் பட்டியலுக்கு அபிடவிட், மின் இணைப்புக்கு அபிடவிட். நகர சிவில் நீதிமன்றத்தைச் சுற்றியும், கே.ஜி. சாலையின் கந்தாய பவன் பக்கமும், மேயோ ஹால் வளாகத்திலும் இந்த வேலை நாள் முழுக்க ஓடுகிறது. தாள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஸ்ரீராமபுரத்திலிருந்தோ சிவாஜிநகரிலிருந்தோ வரும் தமிழ்க் கூலித்தொழிலாளி அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். "நோட்டரி பண்ணியாச்சு, இனிப் பயமில்லை" என்ற தெம்பு மட்டும் அவரோடு போகிறது.

அந்தத் தெம்புக்குச் சட்டத்தில் எவ்வளவு ஆதாரம்? நோட்டரியின் முத்திரை, தாளில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்வதில்லை. இன்னார் என் முன் வந்தார், அவர் இன்னார்தான் என்று நான் திருப்தியடைந்தேன், என் முன்னிலையில் கையெழுத்திட்டார் அல்லது சத்தியம் செய்தார் என்பதைத்தான் சொல்கிறது. இந்தச் சிறிய உறுதிக்கே சட்டம் பெரிய எடை கொடுக்கிறது. நோட்டரி முன் எழுதிச் சான்றளிக்கப்பட்ட பவர் பத்திரம் முறையாக எழுதப்பட்டதென்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 85ஆம் பிரிவில் இருந்த இந்த விதி 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. ஜுக்ராஜ் சிங் எதிர் ஜஸ்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் எல்லையைக் காட்டியது. கலிபோர்னியாவில் எழுதப்பட்ட இரண்டு பவர் பத்திரங்கள். முதலாவதில், கையெழுத்திட்டவர் யார் என்று தான் திருப்தியடைந்ததாக நோட்டரி குறிப்பிடவில்லை, அது செல்லவில்லை. இரண்டாவதில் அந்தக் குறை தீர்ந்திருந்தது, அது நின்றது. ஆளை அடையாளம் காண்பது நோட்டரி வேலையின் ஓரத்தில் இருப்பதில்லை. அந்த வேலையே அதுதான்.

அடையாளத்தோடு மொழியையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. படிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளில் ஒருவர் சத்தியம் செய்கிறார் என்றால், அதை அவருக்குப் படித்துக் காட்டிப் பொருள் சொன்னதாக ஒரு வரி இருக்க வேண்டும். நல்ல நோட்டரிகள் எழுதுகிறார்கள். அவசரக்காரர்கள் முன்பே அச்சடித்து வைத்த ஒரே வாசகத்தை எல்லாத் தாளிலும் ஒட்டுகிறார்கள். ஆள் வராமலே, புரோக்கர் கொண்டுவந்த கட்டு மொத்தத்துக்கும் முத்திரை விழும் கதைகளை இந்த நகரில் வீடு தேடிய யாரும் கேட்டிருப்பார்கள்.

கேடயத்தின் தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளில் பல தாள்களில் கையெழுத்திடும் நோட்டரிக்கு, எதிரே நிற்பவர் காட்டும் ஆதார் அட்டை போலி என்று கண்டுபிடிக்கும் கருவி எதுவும் சட்டம் தரவில்லை. சொத்துத் தகராறு வந்தால் தோற்ற தரப்பு முதலில் குறிவைப்பது சாட்சிகளையும் நோட்டரியையும்தான். அவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. இப்படிப்பட்ட பழிவாங்கலைத் தடுக்க ஒரு வடிகட்டி தேவை. அரசு ஊழியர்களுக்கும் அதே காரணத்துக்காகத்தான் முன்னனுமதிப் பாதுகாப்பு இருக்கிறது.

ஆனால் இரண்டு பாதுகாப்புகளும் ஒன்றல்ல. அரசு ஊழியர் விஷயத்தில் காவல்துறை வழக்கை நடத்தலாம், அரசின் முன்னனுமதி மட்டும் வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவாக இருந்த இது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 218ஆம் பிரிவு. புதிய சட்டம் அதில் ஒரு முக்கியமான மாற்றம் செய்தது: கோரிக்கை வந்து 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். நோட்டரி விஷயத்தில் அனுமதி என்ற பேச்சே இல்லை. அதிகாரியே புகார்தாரராக வேண்டும். நடைமுறைச் சட்டத்தில் 'புகார்' என்பதன் வரையறை காவல்துறை அறிக்கையைச் சேர்க்காது. அதனால்தான் குற்றப்பத்திரிகை எவ்வளவு கனமாக இருந்தாலும் 13ஆம் பிரிவின் வாசலில் நின்றுவிடுகிறது. காலக்கெடுவும் இல்லை. ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு இல்லாத பாதுகாப்பு ஒரு நோட்டரிக்கு இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். சட்டத்தில் இருப்பது அதுதான்.

பணியைச் செய்யும்போது, அல்லது செய்வதாகக் காட்டிக்கொள்ளும்போது என்ற சொற்கள் எவ்வளவு தூரம் நீளும் என்பதுதான் அடுத்த கேள்வி. அரசு ஊழியர்களைப் பற்றி நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஒரு கோடு போட்டுவந்திருக்கின்றன. 1948இல் கில் வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்ன உதாரணம் இன்றும் எடுத்தாளப்படுகிறது: நீதிபதி தீர்ப்பு வழங்குவது பதவியின் செயல், லஞ்சம் வாங்குவது பதவியின் செயல் ஆகாது, அவர் நீதிபதியாக இருக்கும்போதே வாங்கினாலும். பிரகாஷ் சிங் பாதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் திட்டமாக, ஏமாற்றுதல், போலி ஆவணம் தயாரித்தல், சதி ஆகியவை இயல்பிலேயே பதவிக் கடமையின் பகுதியாக முடியாது என்றது.

இதை நோட்டரிக்குப் பொருத்தினால் சிக்கல் வருகிறது. எழுத்தர் ஒருவர் போலிக் கோப்பு தயாரித்தால் அது அவர் வேலையில் இல்லாத செயல். நோட்டரி முத்திரை குத்துவதோ அவருடைய வேலையேதான். பொய்த் தாளில் குத்தினாலும் அது பணியைச் செய்வதாகக் காட்டிக்கொள்வது. அதனால் முத்திரை என்ற செயல் 13ஆம் பிரிவின் குடைக்குள் வந்துவிடும். ஆனால் முத்திரைக்கு முன்னும் பின்னும் நடந்தது? போலியான சொத்து உரிமையாளரைத் தேடிப் பிடித்துத் தந்தது, விற்ற பணத்தில் பங்கு வாங்கியது, பதிவேட்டில் பின்தேதியிட்டு வரி சேர்த்தது? முதல் இரண்டும் எந்த வகையிலும் நோட்டரிப் பணி ஆகாது. கில் வழக்கின் கோட்டை இங்கேயும் போடலாம் என்றே நினைக்கிறேன். வழக்கைத் தயாரிக்கும்போதே காவல்துறை இந்தப் பிரிவினையைச் செய்துகொள்ள வேண்டும். முத்திரை குத்தியதையே முழுக் குற்றமாக எழுதினால் வழக்கு வாசலிலேயே விழும்.

கவனக்குறைவா, கூட்டா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றத்தின் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று நேரடியாக நோட்டரியைப் பற்றியதாக இல்லாவிட்டாலும் மிகவும் உதவுகிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விஜயா வங்கியின் ஹைதராபாத் கிளையில் போலி ஆவணங்களின் பேரில் வீட்டுக் கடன்கள் தரப்பட்டன. சொத்து ஆவணங்கள் சரி என்று கருத்துரை எழுதிய வங்கியின் வழக்கறிஞரையும் சி.பி.ஐ. சதியில் சேர்த்தது. நாராயண ராவ் வழக்கு என்று அறியப்படும் அதில், அவர் மீதான நடவடிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தவறான கருத்துரை தந்ததற்காக மட்டும் ஒருவரைச் சதிகாரர் ஆக்க முடியாது, மற்றவர்களோடு அவர் கைகோத்ததற்கு ஆதாரம் வேண்டும், அதில்லாத இடத்தில் பெரும் கவனக்குறைவு இருந்தால் தொழில்முறை நடவடிக்கைதான் வழி என்றது. இந்தப் பாகுபாடு நியாயமானது. ஆனால் அது பயன்பட வேண்டுமானால் இரண்டாவது பாதை, அதாவது தொழில்முறை நடவடிக்கை, உண்மையில் திறந்திருக்க வேண்டும்.

நோட்டரிக்கு அந்தப் பாதை 10ஆம் பிரிவும் 13ஆம் விதியும். (13ஆம் பிரிவும் 13ஆம் விதியும் ஒரே எண்ணைத் தாங்கி, ஒன்று பூட்டாகவும் மற்றது சாவியாகவும் இருப்பது தற்செயல்தான்.) தொழில்முறை நடத்தைக்கேடு பற்றி யாரும் உரிய படிவத்தில் புகார் தரலாம், அரசு தானாகவும் எடுக்கலாம். தகுதிபெற்ற அதிகாரி விசாரித்து அறிக்கை தருவார். அதன் பேரில் அரசு சான்றிதழை ரத்து செய்து நிரந்தரமாகத் தடைவிதிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கலாம், எச்சரித்து விடலாம். கிரிமினல் வழக்குக்கு இருக்கும் தடை இதற்கு இல்லை. நஷ்ட ஈட்டுக்கான சிவில் வழக்குக்கும் 13ஆம் பிரிவு குறுக்கே நிற்காது. ஆனால் விசாரணை முடியும்வரை அந்த நோட்டரியை நிறுத்திவைக்கலாமா என்பதில் சட்டம் பலவீனமாக இருக்கிறது. மத்திய சட்ட அமைச்சகம் 2021 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வைத்த திருத்த மசோதா வரைவில் இடைக்கால நிறுத்திவைப்புக்கு வழி இருந்தது. ஒருவர் மொத்தம் 15 ஆண்டுகளுக்கு மேல் நோட்டரியாக இருக்க முடியாது என்ற வரம்பும் இருந்தது. வரம்பைப் பற்றித்தான் வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். நிறுத்திவைப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. வரைவு சட்டமாகவில்லை.

என் பார்வையில் பிரச்சினையின் மையம் இதையெல்லாம்விடச் சாதாரணமான ஓர் இடத்தில் இருக்கிறது. நோட்டரியின் பதிவேடு. படிவம் 15இல் ஒவ்வொரு செயலையும் எழுத வேண்டும். பயன்படுத்தத் தொடங்கும் முன்பே மொத்தப் பக்கங்கள் எத்தனை என்று முதல் பக்கத்தில் சான்று எழுத வேண்டும். இடையில் பக்கம் செருகவும் கிழிக்கவும் முடியாமல் இருக்க. மாவட்ட நீதிபதியோ அரசு நியமித்த அதிகாரியோ, ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மிகாமல், பதிவேட்டைப் பார்வையிடலாம்; தவறு தெரிந்தால் அரசுக்கு அறிக்கை அனுப்பலாம். ஜனவரி முதல் வாரத்தில் முந்தைய ஆண்டில் செய்த செயல்களின் விவரத்தை நோட்டரி அரசுக்குச் சமர்ப்பிக்க வேண்டும். கட்டண விகிதத்தை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் எழுதி மாட்ட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லாத ஏற்பாடு. இந்தக் கட்டணப் பலகையைப் பெங்களூருவில் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள் என்று வாசகரையே கேட்கலாம்.

கவனக்குறைவையும் கூட்டையும் பிரித்துக் காட்டக்கூடியது பதிவேடுதான். வந்தவரின் கையெழுத்து, காட்டிய அடையாள அட்டையின் விவரம், நேரம், சாட்சி எல்லாம் வரிசை தவறாமல் இருந்தால், போலி அட்டையில் ஏமாந்த நோட்டரி தானே தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். 13ஆம் பிரிவின் தயவு அவருக்குத் தேவைப்படாது. கலிபோர்னியாவில் சொத்துப் பத்திரத்துக்கும் பவர் பத்திரத்துக்கும் கையெழுத்திடுபவரின் பெருவிரல் ரேகையை நோட்டரி தன் பதிவேட்டில் எடுத்தாக வேண்டும். அதோடு 15,000 டாலர் பிணைப்பத்திரமும் கட்டியிருக்க வேண்டும். ஜெர்மனியில் நோட்டரிக்குக் கட்டாயத் தொழில் காப்பீடு உண்டு. நம் பக்கத்திலேயே, இலங்கையில், நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் காணி வாங்கியவர் நொத்தாரிசின் பெட்டியில் இருக்கும் பிரதியை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஜெர்மனியிலும் இலங்கையிலும் நோட்டரிக்குக் கூடுதல் அதிகாரம் இருக்கிறது, எழுத்துவேலையே அவர்கள் கையில். நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பது சரிதான். ஆனாலும் நோட்டரியின் சொல்லுக்கு வெளியே ஒரு சாட்சியம் எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கும் பொருந்தும்.

பெங்களூருவுக்கு இதில் ஒரு தனி அனுபவம் உண்டு. தெல்கியின் போலி முத்திரைத்தாள் மோசடி 2000ஆம் ஆண்டில் வெடித்தது இந்த நகரத்தில்தான்; அதை விசாரிக்கக் கர்நாடகம் 'ஸ்டாம்பிட்' என்ற தனிப்படையே அமைத்தது. அந்தக் காயத்துக்குப் பிறகு முத்திரைத்தாள் மின்னணு ஆனது. இன்று இ-ஸ்டாம்ப் சான்றிதழில் உள்ள எண்ணை வைத்து அது உண்மையா என்று வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். ஆனால் அதே தாளின் கீழே இருக்கும் நோட்டரி முத்திரையைச் சரிபார்க்க அப்படி எளிய வழி இல்லை. தாளைக் காப்பாற்றிவிட்டோம், தாளின் மேல் விழும் வட்டம் இன்னும் ஏதோ ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடையின் நேர்மையை நம்பி இருக்கிறது. மத்திய அரசு நியமிக்கும் நோட்டரிகளுக்காக 2024 செப்டம்பரில் ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. மாநில அரசு நியமித்தவர்களும் அதே தெருவில், அதே வேலையைச் செய்கிறார்கள். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது.

தவறில் பெரும்பங்கு முத்திரைக்கு இல்லாத சக்தியை அதற்குக் கற்பிப்பதில் இருக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. பதிவு செய்ய முடியாத ரெவின்யூ மனைகள் பெங்களூருவின் விளிம்பெங்கும் பவர் பத்திரம், ஒப்பந்தம், உயில் என்ற மூன்று தாள்களில் கைமாறின. சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில், இப்படிப்பட்ட தாள்களால் சொத்துரிமை மாறாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. அப்படியும் இந்தத் தாள்கள் எழுதப்படுவது நிற்கவில்லை. திருமணமும் அப்படித்தான். நூறு ரூபாய்த் தாளில் கல்யாணம், இன்னொரு தாளில் விவாகரத்து. நோட்டரிக்குத் திருமணம் செய்துவைக்கவோ முறிக்கவோ அதிகாரமில்லை, அப்படிச் செய்வது நடத்தைக்கேடு என்று மத்திய சட்ட விவகாரத் துறை 2024 அக்டோபரில் ஒரு குறிப்பாணை மூலம் நினைவூட்ட வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றங்கள் அதற்கு முன்பே கண்டித்திருந்தன.

ஏமாந்தவர் என்ன செய்ய முடியும்? 13ஆம் பிரிவு தடுப்பது நீதிமன்றம் கோப்புக்கு எடுப்பதை மட்டுமே. காவல்துறை வழக்குப் பதிந்து விசாரிப்பதை அந்தப் பிரிவின் சொற்கள் தடுக்கவில்லை. ஆள்மாறாட்டம் செய்தவர், பணம் வாங்கியவர், புரோக்கர் மீதான வழக்கு வழக்கம்போல் நடக்கலாம். நோட்டரி பற்றிய விசாரணைப் பொருளை, பதிவேட்டின் நகலோடு, அரசுக்கு அனுப்பச் சொல்லலாம். தனியாக 13ஆம் விதிப்படி நடத்தைக்கேட்டுப் புகார் தரலாம். குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் ஆவணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கு, உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக் காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கும். கிரிமினல் வழக்கின் முடிவுக்காகக் காத்திருந்து இந்த மூன்றாண்டைக் கோட்டைவிடக் கூடாது. நுகர்வோர் நீதிமன்றத்தை அதிகம் நம்ப வேண்டாம்: வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நோட்டரிகளும் அந்த நிழலில் ஒதுங்கப் பார்ப்பார்கள்.

இவ்வளவு சுற்றுப்பாதையையும் சுருக்கக் கர்நாடக அரசுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 13ஆம் பிரிவே 'பொது ஆணை' என்று சொல்கிறது. வழக்குக்கு வழக்கு தனி ஆணைக்குக் கோப்பு நகர்த்துவதற்குப் பதில், மாவட்டத்துக்கு ஓர் அதிகாரியை ஒரே பொது ஆணையில் நியமிக்கலாம். காவல்துறையின் விசாரணைப் பொருள் வந்து சேர்ந்த இத்தனை நாளுக்குள் அவர் புகார் தர வேண்டும், தராவிட்டால் காரணத்தை எழுதி ஏமாந்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த ஆணையிலேயே சேர்க்கலாம். காரணம் எழுத்தில் இருந்தால் அதை உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும். அரசு ஊழியர்களுக்கு நாடாளுமன்றம் வைத்த 120 நாள் ஒரு நல்ல அளவுகோல். பெங்களூரு நகர மாவட்டத்தில் முதலில் தொடங்கலாம். பதிவேட்டுப் பார்வையிடலுக்கும் அதே அதிகாரியையே நியமித்துவிட்டால், புகார் வரும்போது அவர் கையில் ஏற்கெனவே ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவேட்டின் நிலை பற்றிய குறிப்பு இருக்கும். பின்தேதியிட்ட வரியை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.